விளக்கை அணைத்த பிறகு தெரிந்தது: வலியோடு வந்த ஒரு ஹார்னர்

“டாக்டர், இவர் கண்ணு ஒரு பக்கம் மட்டும் தூங்குது.”

வியாழக்கிழமை காலை, கிளினிக் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சொன்னவர் மனைவி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவருக்கு வயது 44. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், 18 வருடமாகச் சிங்கப்பூரில் லிஃப்ட் பராமரிப்பு வேலை. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவ விவரங்களை மாற்றவில்லை.

மூன்று நாள் முன்பு, திங்கட்கிழமை, அவர் தனியாக என்னிடம் வந்திருந்தார். இடது பக்கக் கழுத்தில் வலி, தாடைக்கு மேலே ஏறி கண்ணுக்குப் பின்னால் குடைகிறது என்றார். காய்ச்சல் இல்லை, கழுத்தைத் திருப்ப முடிந்தது, கை கால் பலம் சரியாக இருந்தது. ரத்த அழுத்தம் 148/92. வலியில் இருப்பவருக்கு அந்த அளவு கூடுவது சகஜம்தான். சுளுக்கு என்று எடுத்துக்கொண்டேன். வலிக்குப் பனடோலும் தசையைத் தளர்த்தும் மாத்திரையும் கொடுத்து, இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எழுதி அனுப்பினேன். எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு “நேத்து சாயங்காலம்” என்றார். நேற்று என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றைய குறிப்பை இப்போது எடுத்துப் பார்த்தால் கண் என்ற சொல்லே அதில் இல்லை. அன்றே அந்த இமை இறங்கியிருந்ததா, பிறகுதான் இறங்கியதா என்று என்னால் சொல்ல முடியாது. நான் பார்க்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே முதல் காரணம்.

வியாழக்கிழமை

இடது மேல் இமை லேசாக இறங்கியிருந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கலாம், இரண்டைத் தாண்டாது. கண் கொஞ்சம் சிவந்திருந்தது. தூக்கமில்லாத முகம் என்று யாரும் கடந்துபோயிருப்பார்கள். மனைவியின் பயம் வேறு. ஊரில் அவருடைய மாமாவுக்கு முகவாதம் வந்து வாய் கோணிப் போயிருந்ததாம். “அதுதானா டாக்டர்?” என்று கேட்கும்போதே அவருக்குக் குரல் உடைந்தது.

அது இல்லை என்று உடனே சொல்ல முடிந்தது. முகவாதத்தில் கண் மூடாது. இமையை இழுத்து மூடும் தசை ஏழாவது மண்டை நரம்பின் பொறுப்பு. அது சோர்ந்தால் கண் திறந்தே நிற்கும், தண்ணீர் வழியும், நெற்றியைச் சுருக்க முடியாது. இவரோ கண்ணை இறுக மூடினார், பல்லைக் காட்டினார், புருவத்தைத் தூக்கினார். எல்லாம் இரண்டு பக்கமும் சமம். இவருக்குச் சிக்கல் மூடுவதில் இல்லை, திறப்பதில்.

அப்போதுதான் மனைவி இன்னொன்று சொன்னார். யோசித்து யோசித்து, இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லலாமா என்ற தயக்கத்தோடு. “இவர் தினமும் குளிச்சிட்டு விபூதி பூசிக்குவார். வேலைக்குப் போய்ட்டு வந்தா வேர்வையில ஒண்ணும் இருக்காது. நேத்து லீவு முடிஞ்சு வேலைக்குப் போய்ட்டு வந்தார் பாருங்க, வலது பக்கம் அழிஞ்சு போச்சு, இடது புருவத்துக்கு மேல மட்டும் காலையில பூசினது அப்படியே இருந்துச்சு. ஏன் இப்படின்னு நானும் பார்த்தேன்.”

லிஃப்ட் மோட்டார் அறைகளின் சூட்டில் நாள் முழுக்க நிற்கிறவர். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அப்படி நின்றவருடைய நெற்றியில் ஒரு துண்டு மட்டும் காய்ந்திருக்கிறது. கன்னம் வேர்த்ததா என்று கேட்டேன். வேர்த்தது, இரண்டு பக்கமும்தான் என்றார். இந்தப் பதிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கண்மணி.

நம் ஆட்களின் கண்ணில் கண்மணியைப் பார்ப்பது எளிதல்ல. நீல விழியில் கருப்பு வட்டம் பளிச்சென்று தெரியும். அடர் பழுப்பு விழியில் கண்மணியின் விளிம்பும் விழியின் நிறமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கிளினிக்கின் குழல்விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கண்மணியும் சுருங்கித்தான் இருக்கும், வித்தியாசம் இருந்தாலும் கண்ணில் படாது. அளந்தேன்: வலது 3 மில்லிமீட்டர், இடது 2.5. இந்த அரை மில்லிமீட்டர் எதற்கும் சாட்சி ஆகாது. ஐந்தில் ஒருவருக்கு எந்த நோயும் இல்லாமலே இரண்டு கண்மணியும் சற்று வேறுபடும்.

எழுந்து போய் விளக்கை அணைத்தேன். எதிரே தூரத்தில் பார்க்கச் சொல்லிவிட்டு, கைப்பேசி டார்ச்சை டிஷ்யூவால் மூடி மங்கலாக்கி, தாடைக்குக் கீழிருந்து சாய்வாகப் பிடித்தேன். நேராகக் கண்ணில் அடிக்காமல் இப்படிக் கீழிருந்து காட்டினால்தான் கருத்த விழியிலும் விளிம்பு தெரியும். ஐந்தாவது நொடியில் வலது 5.5, இடது 3.5. பதினைந்தாவது நொடியில் இடது மெதுவாக 4.5 வரை வந்தது. வலது கண்மணி இருட்டில் சட்டென்று விரிகிறது, இடது பின்தங்கி நகர்ந்து வருகிறது. அந்தப் பின்தங்கல்தான் எனக்குக் கிடைத்த விடை: கண்மணியை விரிக்கும் நரம்பு பழுதாகும் ஹார்னர்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு கண்மணி வேறாக இருந்தால் பெரியதைத்தான் நோயுற்றது என்று நினைக்கத் தோன்றும். வெளிச்சத்தில் வித்தியாசம் கூடினால் அது சரி, பெரியதால் சுருங்க முடியவில்லை. இருட்டில் கூடினால் குறை சின்னதில், அதனால் விரிய முடியவில்லை. எந்தக் கண் என்று முடிவுகட்டாமல் ஸ்கேனுக்கு அனுப்பினால் தேடுகிறவர்கள் தவறான பக்கம் தேடுவார்கள்.

மூன்றாவது மண்டை நரம்பு பழுதானாலும் இமை இறங்கும். ஆனால் அப்போது இமை நன்றாகத் தொங்கும், கண்மணி பெரிதாகலாம், கண்ணை உள்பக்கமோ மேலேயோ திருப்ப முடியாது. இவருக்குக் கண் எல்லாத் திசையிலும் ஓடியது, இரட்டையாகத் தெரியவில்லை. கண்ணாடி போட்டால் இரண்டு கண்ணிலும் பார்வை 6/6. அப்புறம் கீழ் இமையையும் பார்த்தேன். இடது கீழ் இமை ஒரு நூல் அளவு மேலே ஏறியிருந்தது. மேலும் கீழும் சேர்ந்து இடைவெளி குறுகியதால் கண் உள்ளே போனது மாதிரி ஒரு தோற்றம்.

புதிதாக வந்ததா, பழையதா? கைப்பேசியில் படம் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு மாதம் முன்பு எடுத்த பிறந்தநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். இரண்டு இமையும் ஒரே உயரம். மகளுக்குக் கேக் ஊட்டுகிறார், இரண்டு கண்ணும் அகலத் திறந்திருக்கின்றன.

மூளையிலிருந்து இமைக்கு, சுற்றுவழியாக

இமையைத் தூக்கப் பெரிய தசை ஒன்று, சின்னத் தசை ஒன்று. சின்னதற்கு முல்லர் தசை என்று பெயர். அது தூக்குவதே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். முல்லர் தசை, கண்மணியை விரிக்கும் தசை, முகத்தின் வேர்வைச் சுரப்பிகள் ஆகிய மூன்றுக்கும் கட்டளை பரிவு நரம்பு வழியாக வருகிறது. பயந்தால் கண் விரிவதும் முகம் வேர்ப்பதும் இந்த நரம்பின் வேலைதான். அது ஒரு பக்கம் அறுந்தால் அந்தப் பக்கம் இமை சற்று இறங்கும், கண்மணி சிறுக்கும், வேர்வை நிற்கும். சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் யோஹான் ஃப்ரீட்ரிக் ஹார்னர் 1869-இல் 40 வயதுப் பெண் ஒருவரிடம் இதைக் கண்டு எழுதினார். அதனால் இந்த மூன்றும் சேர்ந்த நிலைக்கு ஹார்னர் என்று அவர் பெயர். பிரான்சில் குளோட் பெர்னார் விலங்குகளில் இதை முன்பே காட்டியிருந்ததால் அங்கே இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள்.

நரம்பு போகும் வழிதான் விசேஷம். மூளையின் ஹைப்போதலாமஸில் புறப்பட்டு, கண்ணுக்கு நேராகப் போகாமல், மூளைத்தண்டு வழியாக முதுகுத்தண்டில் இறங்கி கழுத்துக்குக் கீழே, மார்பின் தொடக்கம் வரை வருகிறது. அங்கே முதல் கைமாற்றம். இரண்டாவது நரம்பு வெளியே வந்து நுரையீரலின் உச்சியைத் தொட்டு மேலேறி, தாடைக் கோணத்தின் அருகே உள்ள முடிச்சில் முடிகிறது. அங்கே இரண்டாவது கைமாற்றம். மூன்றாவது நரம்பு, கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் உள் கரோட்டிட் தமனியின் சுவரைக் கொடிபோல் சுற்றிக்கொண்டு மண்டைக்குள் போய்க் கண்ணை அடைகிறது. இத்தனை நீளப் பாதையில் எங்கே அடிபட்டாலும் இமையில் தெரிவது ஒன்றுதான். மூளைத்தண்டில் பக்கவாதம், நுரையீரல் உச்சியில் புற்றுக்கட்டி, தைராய்டு அறுவை, கழுத்துத் தமனிக் கிழிசல், குழந்தைகளில் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புத் திசுப் புற்று, எல்லாவற்றின் முகமும் அதே அரைத்தூக்கக் கண்.

ஆகவே ஹார்னர் என்று சொல்லிவிட்டால் வேலை முடிவதில்லை. எந்தக் கட்டத்தில் என்று தேட வேண்டும். எனக்கு வழிகாட்டியது விபூதி.

கரோட்டிட் தமனி தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. முகத்தின் பெரும்பகுதிக்கு வேர்வைக் கட்டளை கொண்டுபோகும் இழைகள் வெளிக் கிளையோடு போய்விடும். கண்ணுக்கான இழைகளும், புருவத்துக்கு மேலே நெற்றியின் உள்பக்கம் உள்ள ஒரு சின்னப் பகுதிக்கான வேர்வை இழைகளும் மட்டும் உள் கிளையைப் பிடித்துக்கொண்டு ஏறும். பிரிவுக்குக் கீழே அடிபட்டிருந்தால் பாதி முகமே காய்ந்திருக்கும். இவருக்குக் கன்னம் வேர்க்கிறது, நெற்றியில் அந்தத் துண்டு மட்டும் வேர்க்கவில்லை. அப்படியானால் அடி பிரிவுக்கு மேலே, உள் கரோட்டிட்டின் சுவரில். வேர்வைச் சோதனைக்குப் பொடி தூவிப் பார்ப்பது பாடப்புத்தகத்தில் உண்டு. இந்த வீட்டில் அது தினமும் காலையில் நடந்துகொண்டிருந்தது. அதைக் கவனித்தவர் அந்த அம்மா.

திங்கட்கிழமை கேட்காத கேள்வியை அப்போது கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்?

லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போயிருக்கிறார். முடிவெட்டிக்கொண்டு, தலைக்கு மசாஜ். கடைசியில் கழுத்தை இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு, சொடக்கு. “சத்தம் வந்தாத்தான் டாக்டர் நமக்கு நிம்மதி. பத்து வருஷமா அந்த அண்ணன்கிட்டத்தான்.” இரண்டு மணி நேரத்தில் வலி. அதற்கு முந்தைய வாரம் கடுமையான இருமலும் இருந்திருக்கிறது. காதில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்றேன். ஆச்சரியப்பட்டார். “ராத்திரி படுத்தா இடது காதுல உஸ்ஸு உஸ்ஸுன்னு. குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி வருமே, அதுமாதிரி.” அவருடைய நாடியில் விரலை வைத்து, அந்தச் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு உஸ்ஸும் நாடியோடு சேர்ந்து விழுந்தது.

ஐந்து வருடம் முன்புவரை சிகரெட் பிடித்தவர் என்பதால் நுரையீரல் உச்சியையும் ஒதுக்கிவிட முடியாது. கையின் சின்னத் தசைகளைப் பார்த்தேன், கழுத்தெலும்புக்கு மேல் கட்டி இருக்கிறதா என்று தடவினேன். ஒன்றும் இல்லை. மூக்கைத் தொடும் விரல் நடுங்கவில்லை, நடை தள்ளாடவில்லை, குரல் மாறவில்லை. மூளைத்தண்டும் தப்பித்திருந்தது. கொத்துத் தலைவலியிலும் வலியோடு ஹார்னர் வரும். அந்த வலி விட்டுவிட்டு வரும், ஒவ்வொரு முறையும் கால் மணியிலிருந்து மூன்று மணி நேரம்வரை இருந்துவிட்டுப் போகும், இவருக்கு நான்கு நாளாக விடவே இல்லை.

மிஞ்சியது கழுத்துத் தமனிக் கிழிசல். அதில் தமனிச் சுவரின் உள் உறை கிழிந்து, ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து வீங்கும். அந்த வீக்கம் சுவரைச் சுற்றிப் படர்ந்திருக்கும் பரிவு நரம்பை இழுத்து நசுக்கும். அதனால்தான் வலியும் இமையும் சேர்ந்து வருகின்றன. பயம் கண்ணைப் பற்றியது அல்ல. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். பெரும்பாலும் முதல் சில நாட்களில், முதல் இரண்டு வாரத்துக்குள் அது நடக்கும். மொத்தப் பக்கவாதங்களில் இந்தக் கிழிசலால் வருவது 2 சதவீதம் அளவில்தான். ஆனால் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இதுவே முக்கியக் காரணங்களில் ஒன்று. இவர் நான்காவது நாளில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் முழுக்க ஏணி ஏறி இறங்கி வேலை பார்த்திருக்கிறார்.

சொட்டு மருந்து போட்டு உறுதிசெய்யும் சோதனைக்காக நான் காத்திருக்கவில்லை. என் கிளினிக்கில் அந்த மருந்தும் இல்லை. இருந்திருந்தாலும் முதல் சில நாட்களில் அது பொய்யாக ‘இல்லை’ என்று காட்டலாம். 995-ஐ அழைத்தேன். “நடந்து வந்தவனுக்கு ஆம்புலன்ஸா டாக்டர்? டாக்சியில போய்க்கிறோமே” என்றார். மனைவி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கடிதத்தில் முதல் வரியிலேயே எழுதினேன்: வலியுடன் புதிதாக வந்த இடப்பக்க ஹார்னர், கழுத்தைத் திருகிய பின் நான்காம் நாள், உள் கரோட்டிட் கிழிசல் என ஐயம், மார்பின் தமனி வளைவிலிருந்து தலைவரை ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ப் படம்) தேவை. மூளையை மட்டும் ஸ்கேன் செய்தால் இது தப்பிவிடும். நரம்பின் பாதை மார்புவரை இறங்கித்தான் ஏறுகிறது, படமும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

மருத்துவமனையில்

அன்று மாலையே சிடி ஆஞ்சியோ. இடது உள் கரோட்டிட், பிரிவைத் தாண்டி மூன்று சென்டிமீட்டர் மேலே மெல்ல மெல்ல ஒடுங்கி, மண்டையின் அடித்தளம்வரை நூலாகப் போயிருந்தது. நுரையீரல் உச்சி சுத்தம். மறுநாள் எம்ஆர்ஐயில், கொழுப்பின் பிரகாசத்தை அடக்கி எடுத்த குறுக்குவெட்டுப் படத்தில், தமனியில் ரத்தம் ஓடும் உள்வழியைச் சுற்றி வெண்மையாக ஒரு பிறை. சுவருக்குள் தேங்கிய ரத்தம் அது. மூளையில் அடைப்பு எதுவும் இல்லை. அந்த வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆஸ்பிரின் 100 மில்லிகிராம் தொடங்கினார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வலுவான மருந்து வேண்டாமா என்று மனைவி என்னிடம் தொலைபேசியில் கேட்டார், யாரோ உறவினர் சொன்னாராம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 250 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2015-இல் வெளியான காடிஸ் ஆய்வில், மூன்று மாதத்தில் இரண்டுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இரு பிரிவிலும் பக்கவாதம் வந்தவர்கள் மிகச் சிலரே. எந்த மருந்து என்பதைவிட, சீக்கிரம் தொடங்குவதும் விடாமல் சாப்பிடுவதும் முக்கியம் என்று அவரிடம் சொன்னேன். நான்கு நாளில் வீடு திரும்பினார். ஏணி, பாரம், கழுத்தை அண்ணாந்து பார்க்கும் வேலை எல்லாவற்றுக்கும் மூன்று மாதம் விடுப்பு.

மூன்றாவது வாரம் கண் பிரிவில் அப்ராகுளோனிடின் 0.5 சதவீதச் சொட்டு இரண்டு கண்ணிலும் போட்டிருக்கிறார்கள். கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்துதான். சாதாரணக் கண்மணியை இது பெரிதாக அசைக்காது. கட்டளை வராமல் காய்ந்து கிடக்கும் கண்மணியோ கிடைத்த துளியைப் பிடித்துக்கொண்டு விரியும். பசித்திருந்தவன் முன் வைத்த இலை மாதிரி. முக்கால் மணி நேரத்தில் இடது இமை தூக்கிக்கொண்டது, இடது கண்மணி வலதைவிடப் பெரிதாகிவிட்டது. மனைவி படம் எடுத்து எனக்கு அனுப்பினார். கீழே: “இப்போ வலது கண்ணு தூங்குது டாக்டர்.” பச்சிளம் குழந்தைகளுக்கு மட்டும் இந்த மருந்தைப் போடக்கூடாது, மூச்சையும் விழிப்பையும் அமுக்கிவிடும்.

சொடக்கு பற்றி

“அந்த அண்ணன் மேல தப்புன்னு சொல்லலாமா டாக்டர்?” விடுப்பில் இருக்கும்போது ஒரு நாள் வந்து கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு வாரம் இருமியிருக்கிறார், சளித் தொற்றுக்குப் பின்னும் இந்தக் கிழிசல் வருவது உண்டு. ரத்த அழுத்தம் கூடுதல் என்பது இப்போது உறுதியாகிவிட்டது, அதற்குத் தனி மாத்திரை சாப்பிடுகிறார். நாள் முழுக்க அண்ணாந்து செய்யும் வேலை. சிலருக்குத் தமனிச் சுவரே பிறவியில் மெலிந்திருக்கும். அதற்கான அறிகுறி இவரிடம் இல்லை, குடும்பத்திலும் இல்லை. இத்தனைக்கும் மேல் ஒரு திருகு. அதுதான் கிழித்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இரண்டு மணி நேர இடைவெளியைப் பார்க்கும்போது அதற்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது பதினோராவது வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை. தலை மசாஜில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கழுத்தைப் பிடித்துச் சட்டென்று திருகுவதில் இருக்கிறது, அதை இனி எந்த நோயாளியிடமும் சொல்லாமல் விடப்போவதில்லை.

அவர் போய் அந்த அண்ணனிடம் நடந்ததைச் சொன்னாராம். சண்டை போடவில்லை. அந்த அண்ணன் அதிர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். “முடி மட்டும் வெட்டுங்கண்ணே, கழுத்தை விட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு இவரே தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

மூன்றாவது மாதம் எடுத்த படத்தில் தமனி கிட்டத்தட்டப் பழைய அகலத்துக்குத் திரும்பியிருந்தது. காதில் சத்தம் இரண்டாவது வாரமே நின்றுவிட்டது. வலி ஐந்தாவது வாரம் போனது. நரம்பு மட்டும் முழுதாகத் தேறவில்லை. தமனி ஆறினாலும் ஹார்னர் தங்கிவிடுவது உண்டு என்று முன்பே சொல்லியிருந்தேன். ஆறாவது மாதம் என் அறையில் மறுபடி விளக்கை அணைத்துப் பார்த்தேன். ஐந்தாவது நொடியில் வலது 5.5, இடது 4.5. பதினைந்தாவது நொடியில் இடது 5. இமை அரை மில்லிமீட்டர் தாழ்வு, தெரிந்தவர் பார்த்தால் மட்டுமே தெரியும். ரத்த அழுத்தம் 128/80. ஆஸ்பிரின் தொடர்கிறது. வேலைக்குத் திரும்பிவிட்டார், அண்ணாந்து பார்க்கும் வேலைகளை இப்போது கூட வேலை செய்யும் தம்பி பார்த்துக்கொள்கிறார். வேர்வை பற்றிக் கேட்டேன். மனைவிதான் பதில் சொன்னார், இடது புருவத்துக்கு மேலே விபூதி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம்.